நாலும் மூன்றும்

ட்ராய் நகரத்து முற்றுகைக்கு நடுவே ஒரு ஓய்வு வேளை. கிரேக்கப் படையின் முதல் வீரன் அக்கிலீஸும் அவனுக்கு அடுத்தவனான அஜாக்ஸும் எதிரெதிரே உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள். அந்தப் போரைப் பாடிய கவி ஹோமரிடம் இல்லாத காட்சி இது. கி.மு. 540–530 வாக்கில் ஏதென்ஸில் எக்ஸீகியாஸ் என்ற கலைஞர் ஒரு மண் ஜாடியில் தீட்டியது. அந்த ஜாடி இத்தாலியில் வுல்சியில் கிடைத்து, இப்போது வாட்டிகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வனைந்ததும் வரைந்ததும் நானே என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். போடட்டும், தகும்.

அக்கிலீஸின் வாயருகே ‘நாலு’ என்று எழுதியிருக்கிறது. அஜாக்ஸின் வாயருகே ‘மூன்று’. ஆட்டம் யார் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. அக்கிலீஸ் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. அஜாக்ஸோ தன்னுடையதைப் பின்னாலிருக்கும் கேடயத்தின் மேல் வைத்துவிட்டு வெறுந்தலையோடு குனிந்திருக்கிறான். இருவர் தோளிலும் சாய்ந்த ஈட்டிகள் நம் கண்ணை நேரே ஆட்டப் பலகையில் கொண்டுபோய் இறக்குகின்றன. அப்புறம் அஜாக்ஸின் காலைப் பாருங்கள். குதிகால் தரையில் படியவில்லை. தோற்கிறவனின் பதற்றம் முழுவதையும் அந்த ஒரு குதிகாலில் வைத்துவிட்டார் எக்ஸீகியாஸ்.

மேலாடைகளில் பூவும் நட்சத்திரமுமாய் நுணுக்கமான வேலைப்பாடு. தாடி, தலைமுடியெல்லாம் இழை இழையாகத் தெரியும். இவை தூரிகைக் கோடுகள் அல்ல. உருவத்தின் மேல் களிமண் குழம்பைப் பூசி, சுடுவதற்கு முன் கூர்முனையால் கீறியவை. சூளையில் குழம்பு கறுத்துப்போகும். கீறல் வழியே செம்மண் நிறம் தெரியும். கை தவறினால் கீறலை மறைப்பது லேசில்லை.

இந்த ஆட்டக் காட்சியைப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஜாடிகளில் பலர் வரைந்தார்கள். பல படங்களில் நடுவில் ஆதீனா தேவி வந்து நிற்கிறாள். அவள் வந்ததும் இருவருக்கும் இடையிலான நிசப்தம் போய்விடுகிறது.

அஜாக்ஸ் கதையின் முடிவையும் எக்ஸீகியாஸே இன்னொரு ஜாடியில் தீட்டினார். அந்த ஜாடி பிரான்சில் பூலோன்-சுர்-மேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கிலீஸ் இறந்தபின் அவனுடைய ஆயுதங்கள் இன்னொரு கிரேக்க வீரனான ஒடிசியஸுக்குப் போக, அவமானம் தாங்காத அஜாக்ஸ் தன்னையே மாய்த்துக்கொள்கிறான். வாளில் விழுந்து கிடக்கும் உடலைத்தான் மற்ற ஓவியர்கள் பெரும்பாலும் காட்டினார்கள். இங்கே அவன் இன்னும் உயிரோடிருக்கிறான். தன்னந்தனியாகக் குந்தியிருந்து, வாளின் பிடியை நிலத்தில் நட்டு, நாற்றுக்கு மண் அணைப்பதுபோல் கைகளால் மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறான். நெற்றியில் சுருக்கக் கீறல்கள். ஒரு பக்கம் ஒற்றைப் பனை. மறுபக்கம் அவனுடைய கேடயமும், அதன் மேல் வெறும் தலைக்கவசமும். ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை.

வாட்டிகன் ஜாடிக்குத்தான் பெயர் அதிகம். எனக்கு, பூலோன் ஜாடிதான் ஒரு படி மேல்.