சிலையின் விலை

கலையைப் பற்றிப் பேசும் இடத்தில் விலையைப் பற்றிப் பேசுவது நாகரிகக் குறைவு என்று ஓர் அபிப்பிராயம் நம்மிடையே இருந்து வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பொருளுக்காக ஒருவன் பையிலிருந்து எவ்வளவு எடுத்து வைக்கத் துணிகிறான் என்பதும் ஒரு விமரிசனந்தான். வாயால் சொல்லும் விமரிசனத்தைவிடப் பல சமயங்களில் அது உண்மையானதுங்கூட. ஆகவே சிலைகளின் விலையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைய இளைஞர்கள் சிலர் ஒருவகைச் சிலைகளைச் சேர்க்கிறார்கள். வீடியோ கேம்களில் வரும் வீரர்களையும் அரக்கர்களையும் இரண்டடி, மூன்றடி உயரத்தில் செய்து விற்கிறார்கள் அல்லவா, அவற்றைச் சொல்கிறேன். ஆயிரம் டாலரைத் தாண்டியவையும் அவற்றில் உண்டு. பொருளோ வெறும் ரெஸினும் கல்தூளும் கலந்த கலவை. குந்துமணித் தங்கம்கூட இல்லாத பொம்மைக்கு இவ்வளவு விலையா என்று வீட்டுப் பெரியவர்கள் மூக்கில் விரலை வைக்கிறார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் இருப்பவர்கள் இதற்கு விடை தேடி அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டாம். தங்கள் ஜில்லாவையும் அக்கம்பக்கத்தையும் சுற்றிப் பார்த்தாலே போதும்.

கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறார்கள். அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, வர்ணம் தீட்டுகிறார்கள். ஓர் அச்சிலிருந்து எத்தனையோ பொம்மைகள் பிறக்கும். கண்ணையும் புருவத்தையும் எழுதும் கை தேர்ந்த கைதான்; ஆனாலும் நவராத்திரி சமயத்தில் நாம் பேரம் பேசித்தான் வாங்குகிறோம். கூடையில் அதே பொம்மை இன்னும் பத்து இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோமே, அதுதான் காரணம்.

மாயவரம், கும்பகோணம் வழியாகச் சுவாமிமலைக்குப் போனால் கதை வேறு. அங்கே ஸ்தபதி தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவு வகுத்துக்கொள்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் விக்கிரகத்தை முழுவதுமாக உருவாக்குகிறார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் உலர்த்தி, மறுபடி பூசி, கம்பி கட்டி, வரட்டித் தணலில் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார்கள். மெழுகின் எடையைப் போல எட்டு ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதற்குப் பிறகு உளிவேலை; அது மாதக்கணக்கில் நடக்கலாம். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. அதே சிலையை இன்னொன்று செய்ய வேண்டுமானால் மறுபடி மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2023-ல் டில்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜரும், 18 டன் எடையோடு, இந்த முறையில் பிறந்தவர்தான்.

வீடியோ கேம் சிலை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூல உருவத்தைச் செய்யச் சிற்பிக்குப் பல மாதங்கள் பிடிக்கும். வார்ப்பதற்கான சிலிக்கான் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்து போய்விடும். துண்டு துண்டாக வார்த்ததைப் பொருத்தி, கையாலேயே வர்ணம் பூச வேண்டும். விளையாட்டின் சொந்தக்காரருக்கு உரிமைத் தொகை கட்ட வேண்டும். உடையாமல் கடல் தாண்டப் பெரிய பெட்டி வேண்டும். நம் ஊருக்கு வந்தால் சுங்க வரி வேறு. இத்தனை செலவையும் ஐந்நூறு ஆயிரம் சிலைகளின் தலையில் கட்டினால் ஒவ்வொன்றின் தலையிலும் கனமாகத்தான் விழும். இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. இது கூலியின் விலை.

ஆனால் அந்தச் சிலையின் பீடத்துக்கு அடியில் ஓர் எண் பொறித்திருக்கும்: ஐந்நூறில் நூற்றிருபதாவது என்பதுபோல. இனிமேல் செய்யமாட்டோம் என்று கம்பெனி வாக்குக் கொடுக்கிறது. சுவாமிமலையில் மண் அச்சு உடைவது வேலையின் இயற்கை. இங்கே அச்சு ஓய்வது கணக்கு. வாங்குகிறவன் சிலையின் அழகுக்கு ஒரு பங்கும், அடுத்த வீட்டுக்காரனிடம் அது இல்லை என்ற சந்தோஷத்துக்கு இன்னொரு பங்கும் கொடுக்கிறான். நான் நாவல் எழுதுகிறவன். என் நாவலின் முதல் பிரதிக்கும் ஆயிரமாவது பிரதிக்கும் ரசத்தில் அணுவளவு வித்தியாசமும் கிடையாது. அரிதாக இருப்பது அழகாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது என்பதை அதனால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த அரிதின் மோகம் பொம்மையோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். கும்பகோணத்துக்கு அருகே உள்ள சிவபுரத்தில் 1951-ல் பூமியிலிருந்து ஒரு சோழர் கால நடராஜர் கிடைத்தார். சில ஆண்டுகளில் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டார். திரும்பி வந்தது போலி. ஊரார் அதற்குத்தான் கற்பூரம் காட்டினார்கள். அசல் கைமாறிக் கைமாறி, 1973-ல் நார்ட்டன் சைமன் என்ற அமெரிக்கச் செல்வரிடம் ஒன்பது லட்சம் டாலருக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்கும் சமரசமும் முடிந்து 1986-ல்தான் இந்தியாவுக்கு வந்தது.

அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் நடராஜரின் கதையும் அப்படியே. பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து களவு போன அவருக்கு 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்தது. கடலூர் ஜில்லாவுக்குள்ளேயே, விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் மாடத்திலிருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலை 2004-ல் மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலைபோய் ஸிட்னி கலைக்கூடத்தில் நின்றது. புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் முன்பு எடுத்து வைத்திருந்த புகைப்படம் அவருடைய சொந்த ஊரைக் காட்டிக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இரண்டு சிலைகளையும் திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் விற்றவர் சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரி. ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு அவர் கொடுத்தது ஒரு பொய் ஜாதகம்: நெடுநாள் முன்பே முறைப்படி நாட்டை விட்டு வந்த சிலை என்று காட்டும் பழைய தேதியிட்ட காகிதங்கள். கும்பகோணம் நீதிமன்றம் 2022-ல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐம்பது லட்சம் டாலர் சிலைக்கு மட்டும் கொடுத்த விலை அல்ல. அந்தக் காகிதத்துக்கும் சேர்த்துக் கொடுத்த விலை. உண்மைச் சரித்திரத்தைச் சொல்லியிருந்தால் அந்தக் கலைக்கூடம் ஒரு காசு கொடுத்திருக்க முடியாது. வீடியோ கேம் சிலையின் அத்தாட்சிப் பத்திரம் விளையாட்டுப் பிள்ளையின் ஆசை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. விக்கிரகத்துக்கு எழுதப்படும் பத்திரமோ ஓர் ஊரின் சுவாமியை ஊரிலிருந்து அழிக்கும் எழுத்து. முன்னதை வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நம் கனவான்கள், பின்னதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்து மெய்சிலிர்த்துப்போகிறார்கள். என்னைக் கேட்டால் பொம்மை வாங்கும் பையனே நல்ல ரசிகன். அவன் தான் விளையாடிக் களித்த கதையின் நாயகனை வீட்டுக்கு அழைத்து வருகிறான்.

சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மூலவரான நடராஜரே தேரேறி வீதிக்கு வருகிறார். உற்சவத்துக்கென்று வேறு மூர்த்தியை அனுப்பிவிட்டுத் தாம் உள்ளே இருந்துவிடுவதில்லை. கூலிக்காரரும் ஆசிரியரும் பூக்காரியும் அவரைக் காசில்லாமல் பார்க்கிறார்கள். அவருக்குப் பக்கத்திலேயே, திரைக்குப் பின்னால், தங்க வில்வ மாலை தொங்கும் வெற்றிடத்தை ரகசியம் என்று வணங்குகிறார்கள். எந்த ஏலக்காரனும் விலை சொல்ல முடியாத ஒன்றைப் போற்றத் தெரிந்த ஊர் அது.

ஆகவே சிலை ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்கள், அந்த விலையில் வேலைக்கு எவ்வளவு, எண்ணுக்கு எவ்வளவு, காகிதத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கட்டும். வேலைக்கான பங்கைத் தயங்காமல் கொடுக்கலாம். சுவாமிமலையில் அந்தப் பங்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் நியாயந்தான். வண்டிப்பாளையத்தில் பேரம் பேசுவதை நாம் நிறுத்திக்கொண்டாலும் குடி முழுகிப் போகாது.