குடவோலை: பெருமையா, பாடமா?

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்தில் வரலாறும் குடிமையியலும் கைகோக்கும் இடம் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன; குடத்தில் இட்ட ஓலைகளிலிருந்து ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆட்களைத் தேர்ந்த குடவோலை முறையை அவை சொல்கின்றன. குடவோலை என்றதும், "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்மகிட்ட மக்களாட்சி இருந்துச்சு" என்று ஆசிரியர் சொல்வார். பிள்ளைகள் அடிக்கோடிட்டுக்கொள்வார்கள். மாணவர்களைப் பொதுவாழ்வில் அக்கறை உள்ளவர்களாக வளர்க்க இந்தப் பாடம் உதவுகிறதா?

கல்வெட்டையே பார்ப்போம். ஊர் முப்பது குடும்புகளாக (பகுதிகளாக) பிரிக்கப்பட்டது. ஓலையில் ஒருவர் பெயர் ஏற வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில். வேதக் கல்வியும் வேண்டும். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். உழுதவருக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை கிடையாது. வாக்குப்பதிவும் கிடையாது, குலுக்கல்தான். குடத்திலிருந்து ஓலையை எடுக்க விவரம் அறியாத சிறுவன் ஒருவனை நிறுத்தினார்கள். எதுவும் தெரியாதிருப்பதே அவனுடைய தகுதி. (நம் குடிமையியல் வகுப்பும் மாணவரிடம் ஏறக்குறைய அதையே கேட்கிறதோ என்று சில நேரம் தோன்றும்.)

அதற்காகக் கல்வெட்டைத் தள்ளிவிட முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. முந்தைய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவருக்கும் இடமில்லை. யார் உள்ளே, யார் வெளியே, கணக்கை யாரிடம் கேட்பது என்ற மூன்று கேள்விகளும் அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. பெருமை பேசும் வகுப்பில் மூன்றுமே எழுவதில்லை.

பெருமைக்கும் பயன் உண்டு என்பார்கள். உண்மைதான். ஊராட்சி என்பது எங்கிருந்தோ இறக்குமதியான சரக்கல்ல என்று ஒரு பிள்ளை உணர்வது நல்ல தொடக்கம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களை என்ன சொல்லி விளக்குவது? தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996 முதல் 2006 வரை அங்கே ஊராட்சித் தேர்தலே முறையாக நடக்கவிடாமல் தடுத்தார்கள். ஊராட்சிகளுக்கான அரசமைப்பின் 73ஆவது திருத்தத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கும் மாணவருக்கு இந்தப் பத்தாண்டும் தெரிய வேண்டும். உத்திரமேரூரில் விடுபட்டவர்கள் யார் என்று கேட்கப் பழகியவருக்குத்தான் இது விளங்கும்.

இப்படிக் கற்பிப்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. உள்ளூர்ச் சாதியைப் பற்றிப் பேசினால் மறுநாள் பள்ளி வாசலில் கூட்டம் நிற்கும். அவருடைய அச்சத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நான் தயாரில்லை. கல்வித் துறை அவருக்குத் துணை நிற்காவிட்டால் இந்தப் பாடம் நடக்காது. அடுத்தது மதிப்பெண். குடிமைப் பங்கேற்புக்கு அகமதிப்பீடு என்று அறிவித்தால் கடையில் வாங்கி ஒட்டிய படங்களோடு புராஜெக்ட் நோட்டு வந்து சேரும். ஆகவே மதிப்பெண் வேண்டாம்.

புதுப் பாடநூலும் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆகஸ்ட் 15 காலையில் பிள்ளைகள் கொடியேற்றத்துக்கு வந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதே நாளில், அதே ஊரில் ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே சபையின் உறுப்பினர் என்பதால் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு அங்கே முடிவெடுக்கும் உரிமை இல்லை. ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். நாற்காலியில் யார் உட்கார்ந்தார், யார் பின்னால் நின்றார், எந்தச் செலவைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று குறித்துக்கொண்டு வந்தால் போதும்; மறுநாள் வகுப்பு தானாக நடக்கும். நகரத்துப் பிள்ளைகளுக்குப் பகுதி சபை இருக்கிறது.

இன்று நடத்தப்படும் விதத்தில் குடவோலைப் பாடம் குடிமைக் கல்வியாகத் தேறவில்லை. குறை நடத்தும் முறையில்தான். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் அடுத்த கிராம சபைக்குப் பத்துப் பிள்ளைகளையாவது, பெற்றோர் சம்மதத்துடன், அழைத்துப் போகட்டும். போகும் முன் உத்திரமேரூர்க் கல்வெட்டின் தகுதிப் பட்டியலை முழுதாக வாசித்துக்காட்டுங்கள்.