மறந்த பிறகு தீட்டியவை

பிரெஞ்சு ஓவியர் யூஜின் தெலக்ருவா வட ஆப்பிரிக்காவில் இருந்தது 1832ஆம் ஆண்டின் முதல் பாதியில் மட்டும்தான். ஜனவரி கடைசியில் மொராக்கோவின் தாஞ்சியர் துறைமுகத்தில் இறங்கினார். ஜூலையில் பிரான்சு திரும்பிவிட்டார். முடித்த தைல ஓவியம் என்று ஒன்றைக்கூட அவர் அங்கிருந்து கொண்டுவரவில்லை. சில குறிப்பேடுகள், உதிரித் தாள்கள், அங்கே வாங்கிய உடைகள், செருப்புகள், அவ்வளவுதான். ஆனால் 1863இல் கண்ணை மூடும்வரை அந்த ஆறு மாதத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டிக்கொண்டே இருந்தார். அயல்நாடு போய் வரைந்த ஓவியர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். பார்த்ததற்கும் தீட்டியதற்கும் இடையில் அவர் விட்ட நெடிய இடைவெளியே அதற்குக் காரணம்.

போனது தற்செயலாகத்தான். 1830இல் பிரான்சு அல்ஜியர்ஸைப் பிடித்திருந்தது. பக்கத்து மொராக்கோவின் சுல்தான் மூலாய் அப்துர் ரஹ்மானைச் சமாதானப்படுத்த மோர்னே பிரபுவின் தலைமையில் ஒரு தூதுக்குழு கிளம்பியது. வழித்துணைக்குப் பேசத் தெரிந்த ஓர் ஓவியர் இருந்தால் நல்லது என்று தெலக்ருவாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து பிரெஞ்சு ஓவியர்களுக்கு ரோமாபுரிதான் காசி. தெலக்ருவா தன் ஆயுளில் இத்தாலியை மிதித்ததே இல்லை. தாஞ்சியரில் வெள்ளைப் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்ற மனிதர்களைப் பார்த்ததும், ஏடுகளில் படித்த பண்டைய ரோமானியர்கள் இங்கே உயிரோடு நடமாடுகிறார்கள் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்.

அவருடைய குறிப்பேடுகளில் ஒன்று பிரான்சின் சாந்திலி நகரில் இருக்கிறது. லூவ்ரிலும் சில இருக்கின்றன. அச்சுப் பிரதிகளில் அவற்றைப் புரட்டிப் பார்ப்பதே ஒரு சுகம். கைக்கு அடக்கமான பக்கங்கள். ஒரு மூலையில் கோட்டைச் சுவர், அதன் கீழே விரல் நீளத்துக்கு ஒரு குதிரைக்காரன், பக்கத்தில் ஒரு கதவின் வளைவு. இடையில் மிஞ்சிய வெற்றிடத்தில் பொடி எழுத்தில் அன்று கண்டதெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வண்ணக் கட்டியைக் குழைக்க நேரமில்லாதபோது உடையின்மேலேயே நிறத்தின் பெயரை எழுதிவிடுவார்: இது வெள்ளை, இது நீலம், இது மஞ்சள். பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்கு உருவம் வரைவதே பிடிக்காது. போதாக்குறைக்கு, அவர் ஏறியிருக்கும் குதிரையும் நகர்ந்துகொண்டிருக்கும். அந்த அவசரம் கோடுகளில் தெரிகிறது. ஒரு கோடும் அழகுக்காகப் போட்டதல்ல. மறந்துவிடுவோமோ என்ற பதற்றம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ஓவியனின் கையெழுத்தும் கோடும் ஒரே வேகத்தில் ஓடும் இந்தப் பக்கங்களுக்கு முன்னால், பெரிய சட்டங்களுக்குள் தொங்கும் எத்தனையோ ஓவியங்கள் எனக்கு வெளுத்துத் தெரிகின்றன.

முஸ்லிம் குடும்பங்களின் வீட்டுக்குள் அன்று அயலானுக்கு இடமிருக்கவில்லை. ஆகவே தாஞ்சியரில் யூதக் குடும்பங்கள்தான் அவருக்குக் கதவு திறந்தன. பிரெஞ்சுத் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளரான ஆபிரகாம் பென்ஷிமோல் அழைத்துப்போனார். பிப்ரவரியில் ஒரு கல்யாணத்தையும் பார்த்தார். அந்தக் கல்யாண ஓவியம் 1841இல்தான் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு வந்தது. மணமகள் அதில் கிடையவே கிடையாது. முற்றம், இசைக்கிறவர்கள், ஆடுகிற ஒருத்தி, மேலே ஓங்கி நிற்கும் வெள்ளைச் சுவர். ஓவியத்தின் பெரும்பங்கை அந்தச் சுவருக்கே கொடுத்துவிட்டார். நிழலில் நீலம் ஏறி, வெயிலில் மஞ்சள் படிந்து, வெள்ளை என்று ஒரு நிறமே இல்லை என்பதுபோல் நிற்கிறது சுவர்.

அல்ஜியர்ஸில் தங்கியது சில நாட்கள்தான். அங்கே ஒரு வீட்டின் பெண்கள் பகுதிக்குள் போக அவருக்கு அனுமதி கிடைத்ததாகச் சொல்வார்கள். நீர்வண்ண வரைவுகள் சிலவற்றில் அந்தப் பெண்களின் பெயர்களைக்கூடக் குறித்துவைத்திருக்கிறார். அதிலிருந்து பிறந்ததுதான் 1834இன் ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’. இப்போது லூவ்ரில் இருக்கிறது. உயரம் 180 சென்டிமீட்டர், அகலம் 229. மூன்று பெண்கள் தரையில் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி திண்டில் சாய்ந்திருக்கிறாள். கறுப்பினப் பணிப்பெண் ஒருத்தி வெளியேறும்போது திரும்பிப் பார்க்கிறாள். நடப்பது இவ்வளவுதான், கதை எதுவும் கிடையாது. எல்லாம் நிறத்தில் நடக்கிறது.

ஒருத்தியின் ரோஜா நிற மேலாடையில் பொடிப்பொடியாகப் பச்சைப் பூக்கள். எட்ட நின்றால் பூக்கள் கண்ணுக்குப் புலப்படாது. ரோஜா நிறம் மட்டும் துடிக்கும். சாதாரணச் சிவப்பு வண்ணத்தை அப்பியிருந்தால் அந்தத் துடிப்பு வராது. சிவப்புக்கு எதிர் நிறமான பச்சை பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. வேதியியலாளர் ஷெவ்ரல் இந்த நிற முரணை விதியாக எழுதிப் புத்தகம் போட்டது 1839இல், அதாவது ஓவியம் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து. பாயின் ஓரம், ஓட்டுச் சுவர், காலடியில் கழற்றிக் கிடக்கும் செருப்பு என்று எங்கே பார்த்தாலும் இப்படி ஒன்றுக்கொன்று எதிரான நிறங்கள் சின்னச் சின்னதாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. 1899இல் ஓவியர் சின்யாக் புள்ளி ஓவியர்களின் பரம்பரையைத் தெலக்ருவாவிடமிருந்து தொடங்கி எழுதியதில் வியப்பில்லை.

இந்த ஓவியத்தை ரசிக்கும்போது ஓர் உறுத்தலும் கூடவே வருகிறது. படை பிடித்த ஊரில், பிடித்தவர்களின் நாட்டு ஓவியர் ஒருவர், அந்நியர் காணக்கூடாத அறைக்குள் நின்று பார்த்த காட்சி இது. அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 1980இல் தன் கதைத் தொகுப்புக்கு இதே ஓவியத்தின் தலைப்பை வைத்து, அந்தப் பெண்கள் தரப்பிலிருந்து இதைத் திரும்பிப் பார்த்தார். அவரைப் படித்த பிறகு அந்தப் பெண்களின் மௌனம் அமைதியாகத் தெரியவில்லை. அதனால் ஓவியம் எனக்குச் சிறுத்துவிடவுமில்லை, முன்பைவிடக் கனத்துப்போனது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1849இல், அதே காட்சியை மறுபடி தீட்டினார். அது மோன்பெலியேவின் ஃபாப்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்கள் பின்னுக்குப் போய்விட்டார்கள். அறையை இருட்டு எடுத்துக்கொண்டது, ஓடுகளின் பூவேலையும் சாமான்களும் கரைந்துவிட்டன. லூவ்ர் ஓவியம் ஒரு வீட்டைக் காட்டுகிறது என்றால், இது அந்த வீட்டை நினைத்துக்கொள்கிறது. புகழ் முதலாவதற்குத்தான். என் ஓட்டு இரண்டாவதற்கு.

மொராக்கோ சுல்தானைத் தீட்டிய ஓவியத்திலும் இதுவே நடந்தது. மெக்னெஸ் நகரில் 1832 மார்ச் 22 அன்று தூதுக்குழுவுக்குப் பேட்டி கிடைத்தது. முதலில் போட்ட வரைவில் மோர்னே பிரபு இருந்தார். 1845இல் முடித்த மாபெரும் ஓவியத்தில், இன்று துலூஸில் இருப்பதில், அவர் இல்லை. கோட்டை வாசல், குதிரைமேல் சுல்தான், அவர் தலைக்குமேல் குடை, வீரர்கள், நீல வானம். தூது போனவர்களே ஓவியத்தைவிட்டு உதிர்ந்துவிட்டார்கள். இடையில் 1844இல் பிரான்சும் மொராக்கோவும் போரிட்டிருந்தன என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கலையின் கணக்கில் அந்தப் பிரபு எப்போதோ தேவையற்றவராகிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சின்ன விவரங்களெல்லாம் மறந்து, மனதைத் தைத்ததும் கவித்துவமானதும் மட்டும் எஞ்சிய பிறகே ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து உருப்படியாக எதையும் செய்ய முடிந்தது என்று 1853இல் தன் நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். அதற்கு முன் துல்லியம் அவரைத் துரத்திக்கொண்டிருந்ததாம்.

குறிப்பேடு இல்லாமல் இந்த மறதி பலித்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பொடி எழுத்தில் அத்தனையையும் பதிந்துவைத்தவருக்குத்தான் மறக்கும் துணிச்சல் வரும். பின்னால் ரெனுவார் அல்ஜீரியாவுக்கும் மத்தீஸ் தாஞ்சியருக்கும் போனார்கள். பிக்காசோ 1954-55 குளிர்காலத்தில் ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ ஓவியத்தைப் பதினைந்து விதமாகக் கலைத்துப்போட்டார். தெலக்ருவாவோ தாஞ்சியர் வந்திறங்கிய வாரத்தில் இரண்டு குதிரைகள் வெறிகொண்டு சண்டையிட்டதைப் பார்த்து எழுதிவைத்திருந்தார். லாயத்தில் மோதும் அரபுக் குதிரைகளாக அதை அவர் தீட்டியது 1860இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு.