எஜமானுக்கு எஜமான்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 'பேட்டர்ன் மாஸ்டர்' என்று ஒருவர் இருப்பார். டிசைனர் வரைந்த படத்தைப் பார்த்து முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று தனித்தனியாக அட்டையில் வெட்டித் தருபவர். அதை வைத்துத்தான் பல அடுக்குத் துணியை ஒரேயடியாக வெட்டுவார்கள். அட்டையில் தப்பினால் அத்தனை சட்டையிலும் தப்பும்.

'பேட்டர்ன்' பழைய பிரெஞ்சின் 'பத்ரோன்' என்ற வார்த்தையிலிருந்து வந்தது. அதற்கு மூலம் லத்தீன் 'பத்ரோனுஸ்'. காப்பவர், எஜமான் என்று பொருள். உள்ளே ஒளிந்திருப்பவர் 'பாதெர்', அதாவது அப்பா. அப்பாவைப் பார்த்துப் பிள்ளை நடக்கிற மாதிரி, எதைப் பார்த்து மற்றவை செய்யப்படுகின்றனவோ அது பேட்டர்ன். ஆங்கிலத்தில் 'பேட்ரன்', 'பேட்டர்ன்' என்று தனித்தனியாகப் பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிரெஞ்சில் இன்னும் கூட்டுக்குடும்பம்தான். முதலாளியும் பத்ரோன், தையல்காரரின் காகிதமும் பத்ரோன். ஆக, நம்ம பேட்டர்ன் மாஸ்டர் எஜமானுக்கே எஜமான்! (சம்பள நாளன்று சொல்லிப் பார்க்கலாம்.)

தமிழில் இதற்கு 'மாதிரி' என்கிறார்கள். 'டெம்ப்ளேட்'டுக்குக் கணினிக்காரர்கள் வைத்த 'வார்ப்புரு'வும் சில சமயம் வந்து ஒட்டிக்கொள்கிறது. எனக்கு இரண்டிலும் தகராறு உண்டு. துணியை யாரும் வார்ப்பதில்லை. மாதிரி என்றால் சாம்பிள். வாங்குபவருக்கு அனுப்பும், தைத்து முடித்த சட்டை. பேட்டர்ன் அது இல்லை.

இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியிலும் மரத்தில் ஒரு பேட்டர்ன் உண்டு. மணலில் அதை அழுத்தி எடுத்த பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவிகிதம் சுருங்கும் என்பதால் மரத்தைக் கொஞ்சம் பெரிசாகவே செதுக்குவார்கள். பின்னலாடையும் துவைத்தால் சுருங்கும். அட்டையில் அதற்கும் இடம் விட வேண்டும், தையலுக்கும் விட வேண்டும். பேட்டர்ன் என்பது பொருளின் நகல் அல்ல. அந்தப் பொருளுக்குப் பின்னால் என்ன ஆகும் என்ற முன்யோசனை.

தையல் படிக்க வரும் பெண்ணுக்கு இதை வெறும் 'மாதிரி' என்று சொல்லிக் கொடுத்தால், அப்படியே அளந்து வெட்டுவாள். அண்ணனுக்குத் தைத்த சட்டை ஒரே துவைப்பில் தம்பிக்குப் போய்விடும்.

'வெட்டு அட்டை' என்றால் என்ன குறைச்சல்? பண்டிதர்கள் ஒருநாள் கட்டிங் டேபிள் பக்கம் நின்று கேட்கட்டும். இதைவிட நல்ல வார்த்தையே கிடைக்கலாம்.