பிரதியின் முன் உட்காருதல்

ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளை. ஆம்ஸ்டர்டாம் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர் சொன்னார்: "அசலைப் பார்க்காதவனுக்கு வான்கோவைப் பற்றிப் பேச என்னய்யா உரிமை இருக்கு? நீங்க பார்க்கிறதெல்லாம் வெறும் பிரதி." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருக்கக்கூடும். கையில் டீ இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது. பிரதி. அச்சடித்த நகலும் பிரதிதான். நாம் முப்பது வருஷமாகக் கட்டுடைத்துக்கொண்டிருக்கிறோமே, அதுவும் பிரதிதான். இலக்கியத்தில் பிரதி என்றால் மரியாதை. ஓவியத்தில் பிரதி என்றால் இளக்காரம். தாஸ்தாயெவ்ஸ்கியை மொழிபெயர்ப்பில், அதுவும் ஆங்கிலம் வழி வந்த மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு நாற்பது பக்கம் எழுதுகிறோம். ஒருத்தரும் ருஷ்ய மூலத்தைத் தொட்டாயா என்று கேட்பதில்லை. ஓவியம் என்றதும் விசா கேட்கிறார்கள்.

அசலின் மேன்மையை மறுப்பது என் நோக்கமல்ல. அசலைப் பார்க்கவே முடியாத ஒருவன், மலிவு அச்சுப் படங்களை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்க்கக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியுமென்றால் அந்தக் கல்வியின் எல்லை எது, ஏமாற்று எது? கேள்வி இவ்வளவுதான். தமிழ் எம்.ஏ. படித்தவன் இதைப் பேசலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் கட்டுரையின் முடிவில் இருக்கிறது.

*

அப்பா தொழிற்சங்கத்துக்காரர். பரண் நிறைய பழைய 'சோவியத் நாடு' இதழ்கள். சோவியத் ஒன்றியம் 1991இல் இல்லாமல் போன பிறகும் அந்த வழவழப்புத் தாள்கள் எங்கள் வீட்டில் பல வருஷம் உயிரோடு இருந்தன, பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டையாக. என் கணக்கு நோட்டுக்கு வந்து வாய்த்தது ரெப்பினின் 'வோல்கா படகிழுப்பவர்கள்'. அப்போது ஓவியர் பேரெல்லாம் தெரியாது. மார்பில் வாரைப் போட்டுக்கொண்டு மணலில் குனிந்து வரும் மனிதர்கள். நடுவில் ஒரு பையன் மட்டும் தலையை நிமிர்த்தி வாரைத் தளர்த்தப் பார்க்கிறான். ஒரு வருஷம் முழுக்க தினமும் அவனைப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. அந்தப் பையன் வந்தான்.

ஆனால் அட்டை போடும்போது தாளின் வலது ஓரம் உள்ளே மடிந்துவிட்டது. இழுப்பவர்கள் தெரிந்தார்கள், எதை இழுக்கிறார்கள் என்பது தெரியவில்லை. கல்லூரிக் காலத்தில், நடைபாதையில் வாங்கிய ஒரு புத்தகத்தில்தான் முழுப் படத்தையும் பார்த்தேன். மடிப்புக்குள் போயிருந்த பகுதியில் படகு இருந்தது. அதையும் தாண்டி, தொடுவானத்தில், சின்னதாக ஒரு நீராவிக் கப்பல் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் புகை முழுப் படத்தையும் மாற்றிவிட்டது. அதுவரை ஆதிகாலத்துத் துயரம் என்றே நினைத்திருந்தேன், இயந்திரம் வராத காலத்து மனித வதை என்று. இல்லை. 1870க்கும் 1873க்கும் இடையில் ரெப்பின் இதை வரைந்தபோது இயந்திரம் வந்துவிட்டது, அதே ஆற்றில் ஓடுகிறது. ஆனாலும் மனிதர்கள் இழுக்கிறார்கள். நீராவியைவிட மனித மார்பு மலிவாகக் கிடைக்கிறது என்பதாலா? பாதாளச் சாக்கடைக்குள் இன்றும் ஆளை இறக்கும் நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாடம், எந்தப் பிரதியைப் பார்த்தாலும் அதன் ஓரம் எங்கே என்று கேட்க வேண்டும் என்பது. பத்திரிகைகள் பக்கத்துக்கு ஏற்ப வெட்டும், காலண்டர்கள் தாளுக்கு ஏற்ப வெட்டும். வெட்டிய இடத்தில் ஒரு நீராவிக் கப்பல் போயிருக்கலாம்.

இரண்டாவது, அளவு. அந்த ஓவியம் ஏறக்குறைய 131 செ.மீ. உயரம், 281 செ.மீ. அகலம். அளவுநாடாவை எடுத்துச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். எங்கள் முன்னறைச் சுவர் முழுசும் போய்விட்டது. நோட்டு அட்டையில் நான் குனிந்து பார்த்த மனிதர்கள் அசலில் என்னை நோக்கி நடந்து வருகிறார்கள். பிரதி சொல்லும் பெரிய பொய் நிறத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. உள்ளங்கை அகலச் சித்திரமும் சுவர் அகல ஓவியமும் புத்தகத்தில் ஒரே பக்கம். கைபேசியில் இன்னும் மோசம், உலகக் கலை முழுசும் ஆறு அங்குலம்.

*

பிரதி என்றதும் நம்மவர்கள் வால்டர் பெஞ்சமினை இழுத்துக்கொண்டு வருவார்கள். வரட்டும். 1935-36இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம்: இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தைக் கரைக்கிறது, படைப்பு சடங்கிலிருந்து கழன்று வருகிறது, வழிபாட்டு மதிப்பு போய்க் காட்சி மதிப்பு வருகிறது, அங்கே அரசியலுக்கு இடம் பிறக்கிறது. பாசிசத்துக்கு எதிரே நின்று அவர் வைத்த நம்பிக்கை அது.

நம் வீடுகளில் நடந்தது வேறு. 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். தைல ஓவியங்கள் ஒலியோகிராஃப்களாகப் பெருகின. பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் நாடகத் திரைச்சீலை எழுதிய கையால் தெய்வப் படங்கள் எழுத, சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டராக வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஒளிவட்டம் கரைந்ததா? இல்லை. மளிகைக்கடை விளம்பரம் அச்சடித்த லட்சுமிக்குக் கற்பூரம் காட்டினோம். வருஷம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டோம். இங்கே பிரதி ஒளிவட்டத்தை அழிக்கவில்லை. தானே ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டது.

இதைப் பின்தங்கிய மனம் என்று தள்ளிவிட்டுப் போக முடியாது. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939இல். அச்சுப் படம் வந்தது அதற்கும் நாற்பது வருஷத்துக்கு மேல் முன்னால். கருவறைக் கதவு திறக்கும் முன்பே, காசு கொடுத்தால் யார் வீட்டுக்கும் வரச் சம்மதித்த தெய்வம் அச்சுத் தெய்வம்தான். அசல் உள்ளே பூட்டிக் கிடக்கிறது, பிரதி தெருவில் கிடைக்கிறது. இந்தச் சமூகத்தில் 'அசலைப் பார்த்தவனே பேசலாம்' என்ற வாசகத்தை அதன் பழைய வாடை இல்லாமல் நான் கேட்கவே முடியாது. நண்பர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. ஆனால் வாசகங்களுக்கு வயது உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே அச்சுப் படம்தான் தெய்வம் என்றால் இந்த நிறம், இந்த மூக்கு, இந்தக் கட்டுச் சேலை என்று நம் கண்ணுக்குப் பாடம் எடுத்தது. அய்யனாரும் காளியும்கூட அந்தப் பாடத்துக்கு ஏற்ப வெளுத்தார்கள். மலிவுப் பிரதி யாரையும் வெறுங்கையோடு சந்திப்பதில்லை, ஒரு ரசனையைக் கொண்டுவருகிறது. மோனாலிசாவும் சூரியகாந்தியும் பல் மருத்துவர் வரவேற்பறையில் தொங்குவதும் அப்படித்தான். சிவகாசி லட்சுமியைக் கழற்றிவிட்டுச் சூரியகாந்தியை மாட்டியவர் ரசனையில் உயர்ந்துவிட்டார் என்று நான் நம்பவில்லை. அவர் காலண்டரை மாற்றியிருக்கிறார். இரண்டையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, விரல்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால்தான் கல்வி தொடங்குகிறது.

*

நண்பர் துணைக்கு அழைத்த வான்கோவுக்கே வருவோம். பதினாறு வயதில், 1869இல், அவர் வேலைக்குச் சேர்ந்தது ஹேக் நகரில் கூப்பில் நிறுவனத்தின் கடையில். புகழ்பெற்ற ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை விற்பது அந்த நிறுவனத்தின் பெரிய வியாபாரம். வாடகை அறைச் சுவர்களில் அச்சுப் படங்களை ஒட்டியவர், ஆங்கிலப் பத்திரிகைகளின் மரச்செதுக்குப் படங்களை வெட்டிச் சேர்த்தவர், பாரிஸில் ஜப்பானிய அச்சுப் படங்களை நூற்றுக்கணக்கில் மலிவாக வாங்கிக் குவித்தவர். 1889-90இல் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது மில்லேயின் படங்களைப் பார்த்து இருபத்தொரு ஓவியங்கள் வரைந்தார். முன்னால் இருந்தவை மில்லேயின் அசல்கள் அல்ல, கறுப்பு வெள்ளைப் பிரதிகள். நிறம் இல்லாத இடத்தில் தன் நிறத்தை வைத்தார். ஒருவர் அமைத்த இசையை இன்னொருவர் வாசிப்பதுபோல என்று தம்பி தியோவுக்கு விளக்கினார். அசலைப் பார்க்காதவனுக்கு உரிமை இல்லை என்றால் அந்த இருபத்தொரு ஓவியங்களுக்கும் உரிமை இல்லை.

'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' 1885இல் நூயெனனில் வரைந்தது. அசல் 82க்கு 114 செ.மீ. அருங்காட்சியகமே இணையத்தில் பெரிய அளவில் அதைத் தருகிறது. எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஃபிளக்ஸ் கடைக்குப் போனேன். அசல் அளவிலேயே அடித்துத் தரச் சொன்னேன். கணினி முன்னாலிருந்த தம்பி பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, ரொம்ப இருட்டா இருக்கே. பிரைட்னஸ் ஏத்திரட்டுமா? மூஞ்சி தெரியும்."

அவன் நல்லெண்ணத்தில்தான் கேட்டான். ஆனால் ஓவியத்தின் முழு விவாதமும் அந்தக் கேள்வியில் இருந்தது. தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறத்தை முகங்களுக்குக் கொடுக்க விரும்பியவர் வான்கோ. முன்னதாக இதைக் கல்லச்சில் எடுத்தபோது இடம் வலமாகத் திரும்பிப் பதிந்தது. அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் நண்பர் ராப்பார்ட் கடுமையாக எழுதினார், நட்பும் முறிந்தது. முகங்கள் அழகாக இல்லை என்ற குறை அன்றும் இருந்தது, இன்று எங்கள் ஊர்க் கடையிலும் இருக்கிறது. "ஏத்த வேண்டாம் தம்பி, இருட்டாவே இருக்கட்டும்" என்றேன்.

முன்னறையில் மாட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்பா, யாரு செத்தது?" என்றாள். ஃபிளக்ஸ் என்றால் அவளுக்குக் கண்ணீர் அஞ்சலிதான். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கிட்டே வந்து ரொம்ப நேரம் நின்றாள். பிறகு சொன்னாள்: "ஆவி பறக்குது பாரு, இப்பதான் இறக்கியிருக்காங்க. கையெல்லாம் காப்புக் காய்ச்சிருக்கு. பேசிக்கிற தெம்பு இல்ல யாருக்கும்."

நான் அதுவரை பார்த்தது விளக்கு, முக்கோண அமைப்பு, நமக்கு முதுகு காட்டி நிற்கும் சிறுமி, ஒருவர் கண்ணை ஒருவர் சந்திக்காத ஐந்து பேர். அம்மா கையைப் பார்த்தாள். மண்ணைத் தோண்டிய அதே கைகள்தான் தட்டில் நீளுகின்றன என்பதைக் காட்டவே வரைந்ததாக வான்கோ தியோவுக்கு எழுதிய கடிதத்தை அவள் படித்ததில்லை. நான் படித்திருக்கிறேன், கையைத்தான் பார்க்கவில்லை. இலக்கியம் படித்த நமக்குள்ள நோய் இது. படத்தைப் பார்க்குமுன் அதன் அர்த்தத்துக்கு ஓடிவிடுகிறோம். சுவரில் மாட்டினால் ஓட முடியாது. சாப்பிடும்போதும் சண்டை போடும்போதும் அது அங்கே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கூட்டத்துக்கு நடுவே ஒரு படத்துக்குச் சில நிமிஷம் கிடைக்கலாம். வீட்டில் பிரதிக்குக் கிடைப்பது வருஷக்கணக்கு. அசலிடம் இல்லாத ஒரே சொத்து பிரதியிடம் உண்டென்றால் இந்தக் காலம்தான்.

இழப்பையும் மறைக்கக்கூடாது. ஃபிளக்ஸில் சாயத்தின் தடிப்பு இல்லை, தூரிகை போன தடம் இல்லை. இருட்டுக்குள் இருக்கும் பச்சைகள் நான்கு மைக்குள் அடங்காமல் வெறும் கறுப்பாகிவிட்டன. ஒரே ஓவியத்தின் இரண்டு அச்சுகளைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அந்த ஒவ்வாமையைக் கவனிக்கப் பழகுவதும் பயிற்சிதான். பிரதியைப் பார்க்கத் தெரிந்தவன் என்றால், அதில் என்ன இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவன்.

*

அசல் என்று ஒன்றே இல்லாத, பிரதியாகவே பிறந்த கலையும் உண்டு. கேத்தே கோல்விட்ஸ் அச்சுக் கலையைத் தேர்ந்ததில் பலர் கைக்குப் போக வேண்டும் என்ற அரசியல் இருந்தது. 1931இல் இளம் எழுத்தாளர் ரௌ ஷி கொல்லப்பட்டபோது லூ சுன் அவர் நினைவாக ஒரு பத்திரிகையில் வெளியிட்டது கோல்விட்ஸின் மரச்செதுக்கு ஒன்றை, குழந்தையை ஏந்திக் கொடுக்கும் தாய். அதே ஆண்டு ஷாங்காயில் மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1936இல் கோல்விட்ஸ் தொகுப்பும் கொண்டுவந்தார். சீனப் புதிய மரச்செதுக்கு இயக்கம் இப்படி ஒரு சிற்றிதழ்க்காரர் கையில் வளர்ந்தது. இங்கே சித்தபிரசாத் 1943 வங்கப் பஞ்சத்தை வரைந்து 'பசித்த வங்காளம்' என்று வெளியிட்டபோது பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறித்து எரித்தது.

2003 பிப்ரவரி 5 அன்று ஈராக் போருக்கு நியாயம் சொல்ல அமெரிக்காவின் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது, வெளிச்சுவரில் இருந்த 'குவர்னிகா' நீலத் துணியால் மூடப்பட்டிருந்தது. கேமராக்களுக்குப் பின்னணி சரிப்படாது என்று காரணம் சொன்னார்கள். அது அசல் அல்ல, 1955இல் நெய்த திரைச்சீலைப் பிரதி. அசலைவிடச் சிறியது. சாம்பல் நிறத்துக்குப் பதில் பழுப்பு. அந்தத் தப்பான பிரதியைத்தான் மூட வேண்டியிருந்தது. அதிகாரத்துக்குப் பிரதியின் பலம் தெரிகிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

நமக்கு என்று சொல்வது இந்தப் பக்கங்களையும் சேர்த்துத்தான். நம் சிற்றிதழ்கள் ஓவியத்தை என்ன செய்கின்றன? கவிதைக்கும் கட்டுரைக்கும் நடுவே அரைப்பக்கம் காலியாக இருந்தால் ஒரு கோல்விட்ஸ், ஒரு மூங்க். தலைப்பு இல்லை, ஆண்டு இல்லை, ஊடகம் இல்லை, அளவு இல்லை, சில நேரம் பேரும் இல்லை. கீழே 'நன்றி: இணையம்'. ஒரு கவிதையைப் பாதி வரியோடு, கவிஞர் பேர் இல்லாமல் போட்டால் எத்தனை கடிதம் வந்திருக்கும்! தமிழ் எம்.ஏ.காரன் பேசலாமா என்ற கேள்விக்கு இதுதான் என் பதில்: பாட பேதமும் பதிப்பு நேர்மையும் கற்றவன் பேச வேண்டிய விஷயம் இது.

கேட்பது அதிகமில்லை. இனி ஓவியம் அச்சிடும்போது ஓவியர் பேர், ஆண்டு, எதில் வரைந்தது, என்ன அளவு, அசல் எங்கே இருக்கிறது, நாம் வெட்டியிருக்கிறோமா என்று ஒரு வரி போடுவோம். நம் சிற்றிதழ் வந்து சேரும் வீடுகள் பலவற்றில் அதுதான் அருங்காட்சியகம். அங்கேயும் யாரோ ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போடலாம். மடிப்புக்குள் போகிற பகுதியாவது அச்சில் இருக்கட்டும்.