ஐபாடுக்குள் குடிவந்த ராக்பாக்ஸ்

ராக்பாக்ஸ் என்று ஒரு மென்பொருள். பழைய மியூசிக் பிளேயர்களில் கம்பெனி போட்டுக்கொடுத்ததை ஓரங்கட்டிவிட்டு, அந்த இடத்தில் இதை உட்கார வைக்கலாம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கு என்ற நச்சரிப்பும் கிடையாது. மூலநிரல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். எனவே உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

ஆரம்பம் சுவீடனில். ஆர்க்கோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் ஜூக்பாக்ஸ் என்று ஒரு பிளேயர் விற்றுக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க் வைத்த, செங்கல் மாதிரி கனத்த பெட்டி. அதில் இருந்த மென்பொருள் வாங்கியவர்களுக்குத் திருப்தி தரவில்லை. பியோர்ன் ஸ்டென்பெர்க், அவருடைய சகோதரர் டேனியல் ஸ்டென்பெர்க், நண்பர் லீனுஸ் நீல்சன் ஃபெல்ட்சிங் மூவரும் 2001 கடைசியில், நாமே எழுதிவிட்டால் என்ன என்று இறங்கினார்கள். டேனியல் வேறு யாருமில்லை, இணையத்தில் கோப்புகளைக் கொண்டுவரவும் அனுப்பவும் உலகமே பயன்படுத்துகிற கர்ல் மென்பொருளின் கர்த்தாதான். பெட்டியைத் திறந்து, எந்தச் சிப் எதனுடன் பேசுகிறது என்று தாங்களே நோண்டிக் கண்டுபிடித்தார்கள். 2002இல் முதல் பதிப்பு வந்தது.

எவ்வளவு சின்ன இடத்தில் இந்தக் குடித்தனம் தெரியுமா? பிராசஸர் வேகம் சுமார் 12 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 2 எம்பி. பிளேயர் என்ற மாடலில் திரை இரண்டே வரி, வரிக்குப் பதினோரு எழுத்து. எம்பி3யைப் பாட்டாக்கத் தனிச் சிப் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்டுகளையும் வால் தலையாகப் புரட்டிக் கொடுத்தால்தான் அது வாங்கிக்கொள்ளும். பாட்டு ஓடுகிற நேரமெல்லாம், ஒரு பைட் விடாமல், அந்த நோஞ்சான் பிராசஸர் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று அசெம்பிளியில் ஒரு துண்டு எழுதி வைத்திருந்தார்கள். நேரம் போவது தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு இவ்வளவு சிரத்தையாக யாரும் எழுதுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் ஐரிவர், ஐபாட், சான்சா என்று ஒவ்வொரு கருவிக்கும் அதை வைத்திருந்தவர்களே வந்து சேர்ந்தார்கள். என் கைக்கு வந்தது 2005இல் வெளியான ஐபாட் வீடியோ. அண்ணன் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்து, பிறகு பரணில் போட்டுவிட்டது. முதலில் பெட்டியைத் திறந்தேன். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் செருகி நெம்பினால் பளபளக்கும் முதுகு கழன்று வரும். அவசரப்பட்டு இழுத்துவிடக் கூடாது. இரண்டு பாதிகளையும் குட்டை ரிப்பன் வயர்கள் பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டரியின் ரிப்பனை மாட்டியிருக்கும் தாழ்ப்பாள் அரிசியைவிடச் சின்னது, நகத்தால் மெதுவாகத் தூக்கினால் போதும். பழைய டிஸ்கை எடுத்துவிட்டு, எஸ்டி கார்டு செருகும் ஒரு சின்னப் பலகையை வைத்தேன். புது பேட்டரியும் போட்டேன். பெட்டி இறகு மாதிரி ஆகிவிட்டது!

ராக்பாக்ஸை ஏற்றுவது இதைவிடச் சுலபம். கம்ப்யூட்டரில் ராக்பாக்ஸ் யூடிலிட்டியைத் திறந்தால், செருகியிருப்பது எந்தக் கருவி என்று அதுவே கண்டுபிடித்துவிடும். ஐபாட் வீடியோ எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஆப்பிளின் மென்பொருளும் அழியாமல் உள்ளேயே இருக்கும். மறுபடி இயக்கும்போது மேலே உள்ள ஹோல்டு பொத்தானைத் தள்ளினால் பழையது எழுந்து வரும்.

சரி, அப்படி என்ன பெரிதாகக் கிடைத்தது? முதலில், என் ஃபோல்டர் என் ஃபோல்டராகவே இருக்கிறது. ஐடியூன்ஸ் வழியாகப் போட்ட பாட்டு, ஐபாடுக்குள் நான்கெழுத்துப் புனைபெயருடன் ஏதோ ஒரு எண்ணிட்ட ஃபோல்டரில் ஒளிந்துகொள்ளும். இதில் பென்டிரைவ் போலக் காப்பி பண்ணினால் முடிந்தது. ஐபாடில் ஆப்பிள் தொடாத ஃப்ளாக், ஆக் வோர்பிஸ் ஒலிக் கோப்புகளையெல்லாம் பாடுகிறது. ராகம் தானம் பல்லவியைச் சிடியில் மூன்று நான்கு டிராக்காக வெட்டி வைத்திருப்பார்களே, அவை இடையில் ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லாமல் ஓடுகின்றன. ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் கச்சேரி மேடையின் தம்புரா அறுபடவே இல்லை. அதைக் கேட்டதும் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன்.

பழைய சினிமாப் பாட்டுகளில் வயலினெல்லாம் இடது காதிலும் தபேலா முழுக்க வலது காதிலும் ஒலிக்கும். ஹெட்போனில் கொஞ்ச நேரம் கேட்டாலே தலை கனக்கும். இதில் கிராஸ்ஃபீட் என்று ஒன்று உண்டு. ஒரு பக்கத்து ஒலியைக் கொஞ்சம் மறுபக்கத்துக்குக் கசியவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து கேட்பது போலாக்கிவிடும். ஆனால் எல்லாவற்றையும்விட நான் கொண்டாடுவது வேகக் கட்டுப்பாட்டை. சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தை மட்டும் குறைக்கலாம். வீணை கற்கும் என் மகள் கஷ்டமான சங்கதிகளை 70 சதவீத வேகத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். ரொம்பக் குறைத்தால் ஒலி கொஞ்சம் கரகரக்கும், பரவாயில்லை.

மெனு ஒரு காடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேடுவது எங்கே இருக்கிறது என்று பிடிபட நாளாகும். ஆனால் அந்தக் காட்டில் ஒவ்வொரு செடியும் யாரோ ஒருவர் தனக்குத் தேவையென்று நட்டது. பார்வையற்றவர்களுக்காக மெனுவையும் ஃபோல்டர் பெயர்களையும் வாயால் சொல்லும் வசதி இருக்கிறது. கடையில் விற்ற பிளேயர்களில் அது அபூர்வமாக இருந்த காலத்திலேயே இதில் வந்துவிட்டது. மெட்ரோனோம் இருக்கிறது, சதுரங்கம் இருக்கிறது. டூம் விளையாட்டுகூட இருக்கிறது! சுற்றுச் சக்கரத்தை வைத்துக்கொண்டு அதை விளையாடுவது தண்டனை, இருந்தாலும் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை.

மென்பொருளோடு நிற்காமல் பெட்டியையே திறந்த முறையில் செய்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து டாங்காரா என்ற பிளேயர் வந்திருக்கிறது. ஐபாட் பாணியில் தொடுசக்கரம், உள்ளே இஎஸ்பி32 சிப், ஹெட்போன் துளை, புளூடூத். சர்க்யூட் வரைபடம் முதல் நிரல்வரை எல்லாம் பொதுவில் கிடக்கிறது. அடுத்து வாங்கப்போவது அதைத்தான், மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ராக்பாக்ஸின் 4.0 பதிப்பு 2025இல் வெளியானது. ஆக, இது செத்துப்போன திட்டமல்ல. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஐபாடோ சான்சா கிளிப்போ கிடந்தால் பேரீச்சம்பழக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ராக்பாக்ஸ் ஏற்கும் கருவிகளின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உள்ளே உள்ள பாட்டுகளை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏற்றிவிடுங்கள்.