ஆதிமூலத்தின் கோடும் எங்கள் வரப்பும்

ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றி நம்மிடையே புழங்குகிற கதையாடல் ஒன்றே ஒன்றுதான். துறையூர்ப் பக்கம் கீழக்குறிச்சியில் 1938இல் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பையன் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வருகிறார். தனபாலின் அரவணைப்பு, பணிக்கரின் காலம். கோட்டில் தேர்கிறார், சிதைந்த முகங்களோடு மன்னர்களை வரைகிறார், பிறகு உருவத்தைக் 'கடந்து' அரூபத்துக்குப் போகிறார். 2008இல் இறக்கும்வரை ஒரே ஏறுமுகம். உருவம் கீழ்ப்படி, அரூபம் மேல்படி. இந்தப் படிக்கட்டைக் கட்டியது யார்? கீழ்வேளூரில் உட்கார்ந்துகொண்டு கேட்டுப் பார்க்கிறேன்.

1969, காந்தி நூற்றாண்டு. ஆதிமூலம் நூறு கோட்டோவியங்களைக் காட்சிக்கு வைக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 25 இரவு, எங்களுக்குப் பக்கத்து வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டது குற்றம். இரண்டையும் முடிச்சுப் போடுவது அநியாயம் என்பீர்கள். ஓவியர் முடிச்சுப் போடவில்லை, உண்மைதான். பார்க்கிறவன் போடலாம் இல்லையா? வெண்மணிக்குப் பிறகு இந்த வட்டாரத்துக்கு வந்து, 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத பெண்கள் பேருக்கு நிலம் வாங்கித் தந்த ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் காந்தியர்கள்தானே. காந்தி இங்கே வெறும் கண்காட்சிச் சமாச்சாரம் அல்ல.

அந்தக் கோட்டோவியங்களின் அச்சுப் பிரதிகள் சிலவற்றை எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அறுபது வருஷம் சேற்றில் நின்ற கால் அவருடையது. நடந்து போகிற காந்தியை வெகுநேரம் பார்த்தார். "அறுப்புக்குப் போய்ட்டு வர்ற பெருசு மாதிரில்ல இருக்கு. காலப் பாரு தம்பி" என்றார். காந்தி என்று சொன்னதும் சிரித்துவிட்டு, "சட்டை போடாம இருக்குறது அவருக்கு வெரதம். எங்களுக்கு அது வெரதம் இல்லப்பா."

இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நம் கலை விமர்சனம் முழுக்கப் பல்லிளிக்கிறது. கோட்டின் லாவகம், கோட்டின் வேகம் என்று எழுதித் தள்ளிய நாம் அந்தக் கோடு எந்த உடம்பின் எலும்பைத் தொட்டு ஓடுகிறது என்று பார்க்கவே இல்லை. பெரியவர் பார்த்தார். தேசத் தந்தையின் உடம்புக்குள் ஒரு கூலியாளின் கெண்டைக்காலை அந்தக் கோடு கண்டுபிடித்திருக்கிறது. ஆதிமூலம் நினைத்துச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

அப்படியானால் அரூபம்? 'வெளி' என்ற வண்ண ஓவியங்களைப் பற்றி எனக்கு நெடுநாள் ஒரு கோபம் இருந்தது. ஆளில்லாத நிலம். உழுகிறவனை அழித்துவிட்டுப் பச்சையையும் மஞ்சளையும் மட்டும் பார்ப்பது வரப்பில் குடை பிடித்து நிற்கிற மிராசுதாரின் பார்வை. இப்படித்தான் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தேன். சென்னையில் அசல் கித்தான்களுக்கு முன்னால் நின்றபோது பேச்சு தடுமாறியது. நான் பார்த்தவற்றில் தொடுவானம் இல்லை. வண்ணம் பட்டை பட்டையாக மேலிருந்து கீழ்வரை அடைத்துக் கிடக்கிறது. வரப்பில் நிற்பவருக்குத்தான் தொடுவானம் உண்டு. குனிந்து நாற்று நடுகிறவளுக்கு ஏது? அவள் கண்ணுக்கு முழுக்க மண்ணும் தண்ணீரும் தண்ணீரில் ஆடுகிற வெளிச்சமும்தான். என் கோபம் தப்பு என்று இதற்காக ஒரேயடியாகச் சொல்லிவிட மாட்டேன். பாதி தப்பு.

மீதிப் பாதி வேறிடத்தில் இருக்கிறது. அரூப ஓவியரான பிறகும் அவர் கோட்டை விட்டுவிடவில்லை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கு வரைந்தவர் அவர்தான். சம்சாரி, கிழவி, மாடு எல்லாம் அந்த மட்டமான தாளில் உயிரோடு நின்றன, டீக்கடை பெஞ்சுவரை வந்தன. நம் சிறுபத்திரிகை அட்டைகளுக்கும் கேட்டபோதெல்லாம் வரைந்து கொடுத்தார். ஆக, மனிதர்கள் தாளுக்கு, நிலம் கித்தானுக்கு. தாள் நமக்கு, கித்தான் வாங்க முடிந்தவர்களுக்கு. இந்தப் பங்கீட்டைச் செய்தது சந்தை மட்டும்தானா? வண்ணம் அச்சடிக்கக் காசில்லாத நாம் கறுப்பு வெள்ளை ஆதிமூலத்தையே ஆதிமூலம் என்று நம்பவைத்தோம், அரூபம் புரியாது என்று வாசகனுக்காக நாமே முடிவு செய்தோம். அடுத்த தடவை அந்தப் பெரியவரிடம் வண்ணப் பிரதி ஒன்றைக் கொண்டுபோவதாக இருக்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை.